சின்ன முள்ளா, பெரிய முள்ளா

ஹாமர்ஸ் அவனியூ லைட் போஸ்டில்
உன் அப்பாவை ஒட்டியிருந்தார்கள்.
நேர்சரியில் படித்த எழுத்துகளை
விரலால் தட்டித் தட்டி வாசித்தாய்:
கா... ல... மா... னா... ர்.
காலம் என்றால் நேரம் என்று
போன கிழமைதான் டீச்சர் சொல்லித் தந்திருந்தா.
"அப்பா இப்ப மணிக்கூட்டுக்குள்ளயா?
சின்ன முள்ளா, பெரிய முள்ளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, சேந்தன்.
பதினொரு நாளில் முதல் தடவை.
பிறகு போஸ்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொற்களை உனக்குத் தந்தவர்கள் நாங்கள்தான்.
மூன்றாம் மாடி மிஸிஸ் பத்மகாந்தன்
"தவறிட்டார்" என்றா.
நீ டோர்ச் அடித்து
கட்டிலுக்குக் கீழே தேடினாய்.
உன் அழிறப்பர் தவறினால் அங்கேதானே கிடக்கும்.
பெரியப்பா "நித்திரை கொள்ளுறார்" என்றார்.
அன்றிரவு நீ
இரண்டு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி
விடியுமட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

நான் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம்.
"போயிட்டார்" என்றேன்.
வெள்ளவத்தையில் போவதென்றால் என்ன?
மாமா போனார், டொரொண்டோவிலிருந்து கதைக்கிறார்.
கீழ் வீட்டுத் தயாளினி போனா,
சொக்லேட் பெட்டி அனுப்புகிறா.
போகிற எல்லாரும் கட்டுநாயக்காவால் போய்
சனிக்கிழமை இரவு ஃபோனில் முகம் காட்டுவார்கள்.
சனிக்கிழமை வந்தது.
ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு
அதற்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தாய்,
தலை இழுத்து, பவுடர் பூசி.

அதனால்தான் இன்றைக்கு
றெயில் பாதையைத் தாண்டிக் கடற்கல்லில் இருந்து
மாலு பாணைப் பாதியாய்ப் பிய்த்துத் தந்துவிட்டு
அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"அப்பா செத்துப்போனார்."

பாணந்துறைக் கோச்சி போய் முடியும்வரை
நீ வாய் திறக்கவில்லை.

பிறகு வரிசையில்லாமல் வந்தன.
"புதுப் பற்றறி போட்டால்?"
அதுக்குப் பற்றறி இல்லை.
"கனத்தையில நெருப்பு சுட்டிருக்குமே?"
செத்தவைக்கு வலிக்காது. உடம்பு வேலை செய்யிறதை நிப்பாட்டிட்டுது.
"பசிக்காதா?"
பசிக்காது.
"நான் அவற்ற செருப்பை ஒளிச்சு வைச்சனான்.
அதாலயா?"

இதற்கு மட்டும் நான் ஆயத்தமாய் வரவில்லை.
அந்தக் காலை எனக்குத் தெரியும்.
தேடித் தேடிச் சிரித்து, பத்து நிமிஷம் பிந்தி,
பழைய பாட்டாவைக் கொழுவிக்கொண்டு
நூற்றியொன்றில் தொங்கி ஏறினார்.
புறக்கோட்டைக் கடையில், ஆணிப்பெட்டிகளுக்கு நடுவில்
பத்தரை மணிக்கு விழுந்தார்.
"இல்லை ராசா.
அவற்ற இதயம் உள்ளுக்குள்ள பழுதாகி இருந்தது,
ஒருத்தருக்கும் தெரியாது.
நீ செய்த ஒண்டாலயும் இல்லை."
திரும்பச் சொன்னேன்.
மூன்றாம் தரம் சொன்னபோது
நீ பாணைக் கடித்தாய்.

"நீங்களும் சாவீங்களா?"
இல்லை என்று சொல்ல வாய் உன்னியது.
"ஓம். அதுக்கு நிறைய நாள் இருக்கெண்டு நினைக்கிறன்.
நீ தனிய இருக்க மாட்டாய்."
ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாய்:
சித்தி, பெரியப்பா, மாமா, டீச்சர்.
ஐந்தாவது விரலுக்குச் சூன் பாண் அங்கிளைப் போட்டாய்.
நான் மறுக்கவில்லை.

பின்னேரம் மிஸிஸ் பத்மகாந்தன் இடியப்பத்தோடு வந்தா.
"தவறின மனுசன், தங்கமான மனுசன்..."
"தவறேல்லை அன்ரி" என்றாய் நீ.
"செத்துப்போனார். பற்றறி இல்லை."
அவவின் கையில் தட்டு ஆடியது.
என்னைப் பார்த்தா, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கெடுத்தாய் என்று.
தட்டை வாங்கி மேசையில் வைத்தேன்.

படுக்கும்போது கேட்டாய்,
"நாளைக்கு வருவாரா?"
கல்லில் இருந்து சொன்னதெல்லாம்
ஒரு குளிப்பில் போய்விட்டதாக்கும்.
"வரமாட்டார்."
"நாளையிண்டைக்கு?"
"வரமாட்டார், சேந்தன்."
"சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பினாய்.

விடிய எழும்பிக் கதவைத் திறந்தேன்.
நான் வீடெல்லாம் தேடியும் காணாத செருப்பு
வாசலில், சோடியாய்,
முன்பக்கம் வெளியே பார்க்க.